தொண்டை அதிராத எழுத்துகள்

பாம்பன்
9 ஜனவரி 2025

ரூபஸுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அந்தக் குளிரில் மீன்கூடக் கெட்டுப்போகாது.

வாட்ஸப்பில் எழுதியிருக்கலாம். அதில் எழுதினால் நீல டிக்கைக் காட்டிவிட்டு நீ பேசாமல் இருந்துகொள்வாய். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. போனில் பேசலாம் என்றால், இன்னும் சில நாளைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான். மழைக்காலத்திலிருந்தே குரல் கம்மிக் கிடந்தது. ஏலம் விட்டு விட்டுத் தொண்டை கட்டியிருக்கும் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கரையில் நின்று "ஒரு தரம்" என்றால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்கவில்லை. மதுரையில் தொண்டைக்குள் குழாய் விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்று. குரல்வளையில். ரேடியேஷன் கரண்டு வைத்து அடக்குகிற கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும் என்கிறார்கள். எடுத்தால் பிழைப்பேன். கழுத்தில் ஓட்டை போட்டு, மூச்சு அந்த வழியாக வந்து போகும். குரல் இருக்காது.

"எடுக்கலேன்னா?" என்று எழுதிக் காட்டினேன்.

"அடுத்த கிறிஸ்துமஸ் கஷ்டம்மா" என்றார். நல்ல டாக்டர். சுற்றி வளைக்கவில்லை.

நான் எடுக்கப்போவதில்லை. தலையில் கூடை சுமந்தவள் நான். இன்று இந்தக் கரையில் ஏலம் விடுகிற ஒரே பொம்பளை. என்னைத் தூக்கிவிட்டது படிப்பும் இல்லை, புருஷனும் இல்லை, இந்தத் தொண்டை. அவரும் போய்விட்டார், பிள்ளையும் கிடையாது. வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் என்னுடையதுதான். அதையும் அறுத்துக் கொடுத்துவிட்டு எதற்கு மூச்சு விட வேண்டும்?

போன தடவை நீ வந்தபோது, கரையில் ஒவ்வொருத்தன் வாய்க்கும் நேராக மைக்கை நீட்டி "கடல்னு சொல்லுங்க, இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு திரிந்தாய். "செத்தவன் பேசுன நாலு எழுத்த வச்சு ஜெர்மனியில சோறு திங்கிறான் எந்தம்பி" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனாய். நான் சொன்னதில் என்ன தப்பு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

யாகப்பம்மாள்


லைப்சிக்
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் பல்கலைக்கழகத்து மாடிப்படியில் நின்றே படித்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

தயவுசெய்து அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதியுங்கள். இங்கே விசாரித்தேன். உங்கள் டாக்டர் சொன்னதையேதான் இவர்களும் சொல்கிறார்கள்.

என் வேலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு முறை அதை விளக்க விடுங்கள். கழுத்தில் விரலை வைத்து "ம்" என்று சொல்லிப் பாருங்கள். அதிரும். இப்போது "ப்" என்று சொல்லுங்கள், கிசுகிசுப்பாக. அதிராது. உதடு அடைக்கிறது, காற்று முட்டுகிறது, வெடிக்கிறது. அவ்வளவுதான். க், த் எல்லாம் அப்படியே. குரலில்லா வெடிப்பொலிகள் என்று இவற்றைச் சொல்வோம். அழகன்குளத்தில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் பழைய எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. அந்தக் "க"வை அன்று சொன்னவருக்குத் தொண்டை அதிர்ந்ததா, இல்லையா என்று ஓடு சொல்லாது. அதைத்தான் இத்தனை வருடமாகத் தேடுகிறேன். அதற்குத்தான் உயிரோடு இருப்பவர்களின் பேச்சையும் கேட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குரல்வளை போனாலும் இந்த ஒலிகள் போகாது. இவற்றுக்குக் குரல்வளையே தேவையில்லை. இவை உங்களிடம் இருக்கும்.

மார்ச் கடைசி வரை தேர்வு வேலைகள் இருக்கின்றன. அதன்பின் வர முயல்கிறேன்.

இன்னொன்று. கேட்கத் தயக்கமாக இருக்கிறது. சிகிச்சைக்கு முன் நம் கொட்டகையில் இருக்கும் ஆஸ்லினின் போனில் நீங்கள் ஏலம் விடுவதைப் பதிவுசெய்து வைக்க முடியுமா?

ரூபஸ்


பாம்பன்
12 பிப்ரவரி 2025

ரூபஸுக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். எப்போதிருந்து? உனக்குக் கால் கழுவிவிட்டவள் நான். பங்குச்சாமியாருக்கு எழுதுகிற மாதிரி எனக்கு எழுதாதே.

விரலைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். சரக்கைப் பார்க்காமல் குறை சொல்கிறவள் இல்லை நான். கொல்லையில் உட்கார்ந்து மீன் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, எதற்குத் தலையெழுத்து மிஞ்சும் என்று பார்த்தேன். பாறை, கட்டா, திருக்கை, கணவாய் பிழைத்துக்கொள்ளும். வாளை, முரல், ஊழி, நண்டு எல்லாம் போய்விடும். ஏலத்தில் நண்டு போனால் பாதிக் கடல் போன மாதிரி. என் பெயர் எனக்கு வராது. உன் பெயரும் வராது.

ஆஸ்லின் என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தொண்டையப் பிடிச்சுக்கிட்டு மீனு பேரா சொல்லிட்டு இருக்கீக, மந்திரமா?" என்று கேட்டாள். நம் கருவாட்டுக் கொட்டகையில் சரக்குக் கட்டுகிறவள், உனக்குத் தெரியும். வாய் அதிகம், மனசு சுத்தம்.

பதிவு கேட்டாய். முடியாது. செத்தவன் பானை ஓட்டைச் சுரண்டுகிற மாதிரி என்னைச் சுரண்ட வேண்டாம். கேட்க வேண்டுமானால் வந்து கேள்.

இப்போது பேரத்துக்கு வருவோம். மார்ச் பாதிக்குள் அறுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். நீ வந்து அந்த ஆஸ்பத்திரி வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் நான் அறுத்துக்கொள்கிறேன். வராவிட்டால் இல்லை. இதுதான் விலை. குறைக்க மாட்டேன்.

யாகப்பம்மாள்


லைப்சிக்
28 பிப்ரவரி 2025

அக்கா,

நீ கேட்ட விலையைக் கொடுக்க என்னிடம் இல்லை.

என் விசாப் புதுப்பிப்பு அலுவலகத்தில் கிடக்கிறது. கையில் ஒரு தற்காலிகத் தாள்தான் இருக்கிறது. அதோடு வெளியே போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது. அதிகாரியிடம் ஆஸ்லின் அனுப்பிய உன் ஸ்கேன் அறிக்கையைக்கூடக் காட்டினேன். வருத்தமாகத் தலையை ஆட்டினார். அந்த அம்மாளுக்கு நிஜமாகவே வருத்தம்தான். புது விசா அட்டை மட்டும் வரவில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றும் நினைத்தேன். பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். வந்து என்ன செய்வேன்? வலை பின்னத் தெரியாது, மீனை விற்கத் தெரியாது. உன் வீட்டில் உட்கார்ந்து உன் சோற்றைத் தின்பேன். இந்தக் கணக்குப் போட்டதும் பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

இங்கே நான் தமிழில் பேசுவது ஒலிப்பதிவுக் கருவியிடம் மட்டும்தான். அது பதில் சொல்லாது, சண்டையும் போடாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், ஜெர்மன் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்துவிட்டு வருகிறேன்.

நான் வராவிட்டாலும் அறுத்துக்கொள், அக்கா. பேரமாக இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரூபஸ்


பாம்பன்
2 ஏப்ரல் 2025

ரூபஸுக்கு,

அறுத்தாயிற்று. மார்ச் பாதியில். இருக்கிறேன்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதம் வந்ததும் பேரம் முறிந்தது என்று மடித்து வைத்துவிட்டேன். நடந்தது வேறு.

அதற்கு மறுநாள் வேல்ராஜ் படகு திருக்கை கொண்டுவந்திருந்தது. நல்ல சரக்கு, வாழையிலை அகலத்துக்கு. நான் ஏலத்தைத் திறந்தேன். வியாபாரி நெய்னா முகம்மது அண்ணன் விலை கேட்டார், கீழக்கரை ஆட்கள் கேட்டார்கள், கடைசியில் நெய்னா அண்ணன் விலையில் நின்றது. "ஒரு தரம்" சொன்னேன். "ரெண்டு தரம்" காற்றாக வந்தது. மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

நம் கரையின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. திறந்த வாய்தான் மூட வேண்டும். அடுத்தவன் மூன்றாம் தரம் சொன்னால் அது ஏலமே இல்லை, திறந்தவளுக்கு அவமானம். நான் கையைக் காட்டினேன், "யாராச்சும் சொல்லுங்கடா" என்று சைகை செய்தேன். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

"யக்கா, நீ மெதுவாச் சொல்லு. நாங்க நிக்கிறோம்" என்றான் வேல்ராஜ்.

நின்றார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெயில் ஏறியது. ஐஸ் கரைந்து மணலில் ஓடியது. நெய்னா அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நல்ல திருக்கையும் என் முன்னாலேயே நிறம் மாறியது. கடைசியில் உரத்துக்குத்தான் போனது. வேல்ராஜ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மரியாதை பண்ணியே ஒருத்தன் சரக்கை அழுக விட்டார்கள், என்னை வைத்து.

அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்த குரல் மூன்றாம் தரத்துக்கு வரவில்லை. கெட்டுப்போன சரக்கை யாராவது கோடவுனில் வைத்திருப்பார்களா? அடுத்த நாள் ஆஸ்லினைக் கூட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். நீ உட்கார வேண்டிய நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்தாள்.

கரண்டு வைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கஞ்சி குடிக்கிறேன். இருமினால் கழுத்து இருமுகிறது, வாய் சும்மா இருக்கிறது. இரவு வீட்டில் பாத்திரம் விழுந்தால் "ச்சீ" என்று சொல்லக்கூட வழியில்லை. விழுந்த சத்தம் தானாக அடங்கும்வரை நின்று கேட்கிறேன்.

யாகப்பம்மாள்


லைப்சிக்
20 ஏப்ரல் 2025

அக்கா,

இன்று ஈஸ்டர். உன் கடிதத்தை இன்னும் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு பேச்சுப் பயிற்சியாளரைப் போய்ப் பார்த்தேன். உன்னைப் போல அறுத்துக்கொண்டவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பவர். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "ப்", "த்", "க்" என்று அழுத்திச் சொல்லும்போது வாய்க்குள் அடைபட்ட காற்றில் கொஞ்சம் உணவுக்குழாய்க்குள் இறங்குமாம். அது திரும்பி மேலே வரும்போது ஏப்பம் மாதிரி ஒரு சத்தம் எழும். அதுவே குரல். பழகப் பழக அதில் மற்ற எழுத்துகளும் வந்துவிடும். ஆனால் தொடங்கிவைப்பது இந்த எழுத்துகள்தான். நான் ஓடுகளில் தேடிக்கொண்டிருந்த அதே எழுத்துகள். இத்தனை வருடத்தில் என் வேலை இரண்டு கட்டுரைகளுக்கும் ஒரு சண்டைக்கும்தான் பயன்பட்டிருக்கிறது. முதல் முறையாக ஒருவருக்கு எழுதி அனுப்ப ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

மதுரையிலும் சொல்லிக்கொடுப்பார்கள். கட்டாயம் போ. அவசரப்படாதே, வயிறு உப்பும். முதலில் சின்னச் சொல்லாக எடுத்துக்கொள். "தம்பி" என்று தொடங்கிப் பார்.

அட்டை இன்னும் வரவில்லை.

ரூபஸ்


பாம்பன்
12 மே 2025

ரூபஸுக்கு,

மதுரைக்கு வாரம் ஒருமுறை போகிறேன். சொல்லிக்கொடுக்கிற பெண் கெட்டிக்காரி. நீ எழுதினதையேதான் அவளும் சொன்னாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்றும் காட்டினாள். ரயில் வருகிறது என்று ஸ்டேஷனில் சொல்கிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

"தம்பி" என்று தொடங்கச் சொன்னாய். தொடங்க மாட்டேன். கூப்பிட்டால் வருகிற ஆளைத்தான் கூப்பிட்டுப் பழக முடியும். "கட்டா"வை எடுத்துக்கொண்டேன். அது விலை போகிற மீன்.

முதல் தடவை சத்தம் வந்தபோது கொட்டகையில் இருந்தேன். ஆஸ்லின் கையிலிருந்த சாக்கைப் போட்டுவிட்டாள். "அக்கா, பன்னி உறுமுன மாதிரி இருக்கு!" என்றாள். அப்புறம் அழுதாள். நான் அழவில்லை. அழுதால் கழுத்து ஓட்டையில் சளி கட்டும், துடைக்கிற வேலை எனக்குத்தான்.

ஊர் என்னைச் செவிடி ஆக்கிவிட்டது. குரல் போனவளுக்குக் காதும் போயிருக்கும் என்று நினைத்து எல்லாரும் கத்துகிறார்கள். வேல்ராஜ் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டுகிறான். நெய்னா அண்ணன் மட்டும் எப்போதும்போலப் பேசினார். ஜெபமாலைக்குப் போனால் பெண்கள் என் பங்குக்கும் சேர்த்து உரக்கச் சொல்கிறார்கள்.

ஒன்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் வாசனை தெரிவதில்லை. கருவாட்டு மூட்டையைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோகிறேன், சும்மா மரக்கட்டை மாதிரி இருக்கிறது. நெத்திலி காய்ந்த பக்குவத்தை மூக்கால் சொன்னவள், இப்போது விரலால் ஒடித்துப் பார்த்து வாங்குகிறேன்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் பாதியில் மறுபடி கடலுக்குப் போவார்கள். அன்று நான் ஏலத்துக்கு நிற்கப்போகிறேன். "நீ சும்மா வந்து நின்னாப் போதும் யக்கா, உம் பேருல நான் சொல்றேன்" என்றான் வேல்ராஜ். போன மரியாதைக்கே அவன் சரக்கு அழுகிவிட்டது. ஒருத்தன் விசில் வாங்கித் தருகிறேன் என்றான். ஊதுகிற காற்று கழுத்து வழியாகப் போய்விடும், பைத்தியக்காரா என்று எழுதிக் காட்டினேன்.

விலையை விரலால் காட்டிவிடுவேன். மூடுவதுதான் வாயால் ஆக வேண்டும். "மூணு தரம்" எனக்கு வராது. அதனால் சங்கத்துக் கூட்டத்தில் புதுச் சொல் கேட்டேன். "போச்சு" நன்றாக வந்தது. ஐயையோ, கரையில் நின்று போச்சு என்று சொல்லாதே என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கடைசியில் "கட்டு" என்று முடிவானது. சரக்கைக் கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லை நான் சொல்லிவிட்டால் ஏலம் என்னுடையது. சொல்ல முடியாவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான், அதையும் கூட்டத்திலேயே எழுதிக் காட்டிவிட்டேன்.

அட்டை வந்ததா என்று கேட்கவில்லை.

யாகப்பம்மாள்


லைப்சிக்
30 மே 2025

அக்கா,

அட்டை வரவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

"கட்டு" நல்ல தேர்வு. தொடக்கத்திலும் நடுவிலும் தொண்டை அதிராது. நான் ஆய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பலமுறை சொல்லிப் பதிவுசெய்து திரையில் பார்த்தேன். நடுவில் நாக்கு அடைக்கிற இடத்தில் கோடு அப்படியே படுத்துவிடுகிறது. அங்கே ஒலியே இல்லை. அந்த வெற்றிடமும் சேர்ந்துதான் அந்தச் சொல். அதனால் சத்தம் வரத் தாமதமானால் பயப்படாதே. பொறு. அவர்கள் காத்திருப்பார்கள்.

நேற்று சக ஆய்வாளர் ஒருவர் கதவைத் தட்டி, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். அக்காவோடு என்றேன். அறையில் யாருமில்லாததைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்.

அந்த நாளில் நான் அங்கே இருக்க மாட்டேன். என்ன நடந்தாலும் எழுது.

ரூபஸ்


பாம்பன்
22 ஜூன் 2025

தம்பிக்கு,

படகுகள் வந்தன. முதல் சரக்கு வேல்ராஜுடையது, பாறை. நான் கேட்காமலேயே அவன் என் முன்னால் கொட்டச் சொன்னான். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். "பாறை" என்றேன். காற்றில் பாதி போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் "என்ன, என்ன?" என்றார்கள். "ஏலே, வாயப் பொத்துங்கலே, அக்கா பேசுது!" என்று ஆஸ்லின் போட்ட சத்தத்தில் கரையே அடங்கிவிட்டது. அந்தக் கரை அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. ஐஸ் பெட்டி சொட்டுவது கேட்டது.

விலை கேட்க ஆரம்பித்தார்கள். நெய்னா அண்ணன் எடுத்த எடுப்பிலேயே பெரிய விலை சொன்னார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இரக்கம். நான் தலையை ஆட்டி, அந்த விலையை எடுக்கவில்லை. மீனைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். மீனைப் பார்த்து விலை சொல் என்று அர்த்தம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. திருப்பிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, நியாயமாக இறங்கிக் கேட்டார். அதிலிருந்துதான் நிஜ ஏலம்.

கீழக்கரை ஆள் விலையில் நின்றது. ஒரு விரல் காட்டினேன். இரண்டு விரல் காட்டினேன். வாயை மூடிக் காற்றைச் சேர்த்தேன். வரவில்லை. இன்னொரு தரம் சேர்த்தேன். எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். எனக்கு அழுகிப்போன திருக்கைதான் கண்ணில் நின்றது. அந்த நேரத்தில் நெய்னா அண்ணன் பொறுக்க முடியாமல் "இன்னொரு அம்பது!" என்று கத்திவிட்டார். இந்தத் தடவை அது இரக்கம் இல்லை, சரக்கு கைவிட்டுப் போகிறதே என்ற பயம். எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தான் பிழைத்தேன். குரல் இருந்த காலத்தில் மூன்றாம் தரத்தைப் படபடவென்று முடித்துவிடுவேன். அந்த இடைவெளியில் இவ்வளவு விலை கிடந்தது எனக்கே தெரியாது.

அவர் விலைக்குத் திரும்ப விரல் காட்டினேன். பிறகு வந்தது. "கட்டு." பெரிய சத்தம் இல்லை. முன்வரிசைக்குக் கேட்டது. அவர்கள் பின்னால் திரும்பிச் சொன்னார்கள், கடைசி ஆள்வரை போனது. வேல்ராஜ் மீனை அள்ள ஆரம்பித்தான்.

அன்று பல சரக்கு விட்டேன். இரண்டு தடவை சொதப்பினேன், ஒரு தடவை வாந்தி வருகிற மாதிரி ஆகி உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையைப் பூட்டவில்லை.

சாயங்காலம் ஆஸ்லின் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வந்து சட்டியில் இருந்ததைச் சாப்பிட்டேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இந்தச் சுவருக்கு நீளமாகச் சொல்கிற அளவுக்கு இன்னும் எனக்குக் காற்று இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அட்டை வந்து நீ எப்போதாவது கிளம்பினால், வருகிறேன் என்று போன் பண்ணாதே. எடுத்துவிட்டுப் பேச முடியாமல் நிற்பேன். பாம்பனில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வா. இரவானாலும் கதவைத் தட்டாதே. தட்டினால், "யாரு" என்று கேட்க எனக்கு இன்னும் வரவில்லை. அதனால் இப்போதெல்லாம் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. தள்ளினால் திறக்கும்.

யாகப்பம்மாள்